கைமாறும் வால்வு

வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு நினைவிருக்கும். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வந்துவிடாது. கண்ணாடிக் குழலுக்குள் இழை செம்மஞ்சளாக ஒளிர்ந்த பிறகுதான் குரல் எழும். டிரான்சிஸ்டர் வந்ததும் வீடுகள் வால்வுக்கு விடைகொடுத்தன. கிட்டார்காரர்கள் மட்டும் விடவில்லை.

காரணம் ஓசைதான். 1951-இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அதற்கெனப் பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயர் வந்தது. பேஸுக்காகச் செய்ததைச் சாதாரண கிட்டார் வாசித்தவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒலியைக் கூட்டக் கூட்ட வால்வு திணறியது. அந்தத் திணறலில் ஒரு கரகரத்த இனிமை இருந்தது. லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1960-களின் தொடக்கத்தில் தம் ஆட்களுடன் செய்த முதல் ஆம்ப்ளிஃபயருக்கும் பேஸ்மேனின் மின்சுற்றுதான் முன்மாதிரி.

ஆனால் சுமை பெரிது. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி ஆம்ப்ளிஃபயர் 300 வாட் திறன் கொண்டது. அதற்குள் 14 வால்வுகள். அதன் ஓசையைக் காலால் மிதிக்கும் சிறு பெட்டியில் அடக்க முடியுமா என்ற ஆசை வராமல் இருக்குமா?

முதலில் வந்த பெட்டிகளில் வால்வு இல்லை. 1962-இன் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் டிரான்சிஸ்டரால் ஆனது. 1970-களின் இறுதியில் ஜப்பானிலிருந்து வந்த ஐபனெஸ் ‘டியூப் ஸ்க்ரீமர்’ பெயரில்தான் டியூபை, அதாவது வால்வை, சுமந்தது. உள்ளே இருந்தது ஒரு சிப். மெய்யான வால்வைப் பெடலுக்குள் வைத்துப் பேர் வாங்கியவர் அமெரிக்கரான பி.கே. பட்லர். 1980-களில் பரவிய அவருடைய டியூப் டிரைவரில் ஒரு 12ஏஎக்ஸ்7 இருந்தது. ஐரோப்பாவில் அதே வால்வுக்கு ஈசிசி83 என்று பெயர். கிட்டார் கலைஞர்கள் எரிக் ஜான்சனும் டேவிட் கில்மரும் டியூப் டிரைவரை மேடையில் பயன்படுத்தினார்கள்.

ஆம்ப்ளிஃபயரில் இந்த வால்வுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் கிடைக்கும். பல பெடல்களில் கிடைப்பது அதில் சிறு பங்கே. பட்டினி போட்ட வால்வு என்று கறார்க்காரர்கள் ஒதுக்குவதுண்டு. அது நியாயமில்லை. குறைந்த மின்னழுத்தத்தில் வால்வு சீக்கிரமே திணறும். வீட்டில் மெல்லிய ஒலியில் வாசிப்பவருக்கு அதுதானே வேண்டும்!

பெடல் சிறியது, தபாலில் போகும். அதனால் கைமாறுவதும் எளிது. நியூயார்க்கின் மேற்கு 48-ஆம் தெரு, லண்டனின் டென்மார்க் தெரு, டோக்கியோவின் ஒச்சனொமிசு எனக் கடைத்தெருக்களில் நடந்த பழைய கருவி வியாபாரம் பிறகு இணையத்துக்கும் போனது. இசைக்கருவிகளுக்கென்றே சிகாகோவில் 2013-இல் தொடங்கிய ரிவெர்ப் சந்தையை 2019-இல் எட்ஸி நிறுவனம் 27.5 கோடி டாலருக்கு வாங்கியது.

இந்தச் சந்தையில் வால்வு பெடலுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சாக்கெட்டில் செருகிய வால்வைப் பிடுங்கி வேறொன்றைப் பொருத்த ஒரு நிமிடம் போதும். அடிக்கண்ணாடியில் வைர வடிவக் குறி பதிந்த பழைய டெலிஃபுங்கன் வால்வுக்குத் தனி மதிப்பு. அதை எடுத்துவிட்டு மலிவான ஒன்றைச் செருகி விற்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. வாங்கத் தெரிந்தவர் பெட்டியைத் திறந்து பார்ப்பார்; பிறகு பென்சிலால் வால்வை மெல்லத் தட்டுவார். தேய்ந்த வால்வானால் அந்தத் தட்டல் ஸ்பீக்கரில் மணிபோல ஒலிக்கும்.

புதிய வால்வுகள் இன்று பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தே வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது உலகெங்கும் கிட்டார்காரர்கள் பதறினார்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த வால்வு உள்ளே இருக்கிறது, எத்தனை வோல்ட் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்த பெட்டியை நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். அனுப்பும்போது வால்வைக் கழற்றிப் பஞ்சில் பொதிந்து தனியே வையுங்கள்.