எலும்புப் பிடிக் கத்திகளில் சாயம் போதல்

மடக்குக் கத்தியின் எலும்புப் பிடியில் ஏற்றிய சாயம், ஈரமோ வியர்வையோ எண்ணெயோ பட்டு வெளியேறிக் கையிலும் சட்டைப்பையிலும் துடைக்கும் துணியிலும் ஒட்டிக்கொள்வது சாயம் போதல் எனப்படும். புதுக் கத்திகளில், அதிலும் சிவப்பு, கறுப்பு, அடர்நீலப் பிடிகளில் இது மிகுதி. வெயிலில் நிறம் வெளிறுவது வேறு. அங்கே சாயம் இருந்த இடத்திலேயே சிதைகிறது. எதன் மீதும் ஒட்டுவதில்லை. சாயம் போகும் கத்தியை வாங்கியவர்கள் பெரும்பாலும் எலும்பைத்தான் பழிக்கிறார்கள். எலும்பின் மேல் தவறில்லை. பிடிப்புக் கிடைக்காமல் உள்ளே தங்கிய சாயத்தைக் கழுவி எடுக்காமல் விற்பனைக்கு அனுப்பியதுதான் தவறு.

பிடிக்கு வரும் எலும்பு

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிராட்ஃபோர்டு, டைட்டஸ்வில் ஆகியவை மடக்குக் கத்திக்குப் பேர்போன ஊர்கள். பிராட்ஃபோர்டில் கேஸ் நிறுவனமும், டைட்டஸ்வில்லில் 2006இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனமும் இன்றும் எலும்புப் பிடி போட்ட கத்திகளைச் செய்கின்றன. பிடிக்கு எடுப்பது பெரும்பாலும் மாட்டின் கீழ்க்கால் எலும்பு. இறைச்சித் தொழிலில் மிஞ்சும் பொருள் என்பதால் மலிவு. சுவர் தடிமனாகவும் நேராகவும் இருப்பதால் நீளவாக்கில் தகடாக அறுக்க வாகானது. ஒட்டக எலும்பும் பயன்படுகிறது.

தகட்டின் மேல் சிறு பள்ளங்கள் கொத்துவது மான்கொம்பின் சொரசொரப்பைப் போலச் செய்வதற்காகத் தொடங்கிய வழக்கம். இந்தியக் காடுகளில் கடமான் உதிர்க்கும் கொம்பு ஷெஃபீல்டுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறிய காலம் உண்டு. கொம்பு விலை கூடியது. எலும்பு எளிதில் கிடைத்தது. ஆகவே எலும்பைக் கொத்தி, பழுப்புச் சாயத்தில் முக்கி, கொம்பின் தோற்றத்தை வரவழைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கனெக்டிகட் மாநிலத்தின் ராக்ஃபாலில் இருந்த ராஜர்ஸ் நிறுவனம் பல கத்தி ஆலைகளுக்கு இப்படிக் கொத்திய எலும்பை அனுப்பிவந்தது. சாயமேற்றிய பின் மேல்பரப்பைத் தேய்த்து மெருகேற்றும்போது மேடுகளில் நிறம் குறைந்து பள்ளங்களில் அடர்ந்து நிற்கும். கத்திப் பிரியர்கள் மயங்கும் அந்த இரட்டை நிறம் இப்படித்தான் வருகிறது. பிற்பாடு சாயம் கசிவதும் பெரும்பாலும் அதே பள்ளங்களிலிருந்துதான்.

சாயம் எங்கே பிடிக்கிறது

காய்ந்த எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்புச் சத்தாலான கனிமம். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். இன்று எலும்புக்குப் போடும் சாயங்களில் பல, கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயங்கள். அமிலம் கலந்த வெந்நீரில் புரதத்தின் அமினோ தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெறுகின்றன. எதிர்மின்னேற்றமுள்ள சாய மூலக்கூறுகள் அவற்றைப் பற்றிக்கொள்கின்றன. கம்பளி ஏறக்குறைய முழுக்கப் புரதம் என்பதால் சாயத்துக்கு எங்கும் பிடிப்பு உண்டு. எலும்பிலோ பிடிப்புத் தரும் பகுதி சிறிது. சாயத்தை இறுகப் பிடிக்கவைக்கத் தொட்டியில் அமிலத்தைக் கூட்டலாம் என்றால், அந்த அமிலமே எலும்பின் கனிமத்தைக் கரைத்துவிடும். கம்பளிச் சாயக்காரருக்கு இல்லாத இந்த இடுக்கண், எலும்புக்குச் சாயம் போடுபவரின் கையை எப்போதும் கட்டிப்போட்டிருக்கிறது.

சாயம் எவ்வளவு பற்றும் என்பதைச் சாயத்தொட்டிக்கு முந்தைய வேலைகளும் தீர்மானிக்கின்றன. எலும்பைக் கொழுப்பு நீங்கக் கழுவி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுப்பது நல்ல முறை. துணி வெளுக்கும் குளோரின் கரைசலில் போட்டால் புரதம் அரிக்கப்படுகிறது. நெடுநேரம் கொதிக்கவைத்தால் கொலாஜன் ஜெலட்டினாகிக் கரைந்து இறங்குகிறது. இரண்டிலும் எலும்பு வெண்மையாகத் தோன்றும், ஆனால் சாயம் பற்ற வேண்டிய இடங்கள் போய்விட்டிருக்கும். கொழுப்பு முழுதும் நீங்காத எலும்பில் சாயம் திட்டுத்திட்டாக மேலோடு நிற்கும்.

சாயம் கசிவதற்கு எலும்பின் உள்ளமைப்பு அடுத்த காரணம். உயிருள்ள எலும்பில் இரத்தக் குழாய்கள் ஓடிய நுண்கால்வாய்கள் ஏறத்தாழ மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலத்தில் நீளவாக்கில் ஓடுகின்றன. ஹேவர்சியன் கால்வாய்கள் என்று இவற்றுக்குப் பெயர். பழைய பிடிகளில் காணும் கரும்புள்ளிகளும் மெல்லிய கோடுகளும் இவைதான். தந்தத்திலிருந்து எலும்பைப் பிரித்தறிய அருங்காட்சியகத்தார் இவற்றையே தேடுகிறார்கள். சாயக் கரைசல் இவற்றுக்குள் புகுந்து, புரதத்தைப் பற்றாமலே காய்ந்து தங்குகிறது. மேற்பரப்பைத் துடைத்ததும் கத்தி சுத்தமாகிவிட்டதாகத் தெரியும். சில நாள் கழித்து வியர்த்த கையில் பிடித்ததும் மறுபடி நிறம் இறங்கும். ஈரம் மெல்ல உள்ளே போய், தங்கிய சாயத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருவதால் இப்படி ஆகிறது.

பழுப்புப் பிடி வெள்ளைத் துணியில் சிவப்பையோ மஞ்சளையோ விடுவது பலரைக் குழப்புகிறது. பழுப்பு பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. அவற்றில் எளிதில் கரைவது முதலில் வெளியேறுகிறது.

பழைய சாயங்கள்

செயற்கைச் சாயங்கள் வில்லியம் பெர்கின் 1856இல் ஊதாச் சாயம் கண்டுபிடித்ததிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு வெகுகாலம் முன்பே எலும்புக்குச் சாயமேற்றியிருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற பெயரில் எழுதிய துறவி, மஞ்சிட்டி இனத்து வேரால் எலும்பைச் சிவக்கவைக்கும் முறையைக் குறித்துவைத்தார். செம்பு உப்பில் ஊறவைத்துப் பச்சையாக்கிய எலும்பு ஐரோப்பிய மரப் பதிப்பு வேலைகளில் காணக்கிடைக்கிறது.

மஞ்சிட்டி வேர்ச்சாயம் தனித்துக் கவனிக்கத் தக்கது. 1736இல் ஜான் பெல்ச்சியர் என்ற இலண்டன் அறுவை மருத்துவர், துணிச் சாயக்காரர் ஒருவர் வளர்த்த பன்றியின் எலும்பு சிவந்திருப்பதைக் கண்டார். சாயப்பட்டறையில் மஞ்சிட்டி ஊறிய தவிடு அந்தப் பன்றிக்குத் தீனியாகப் போயிருந்தது. வேரிலுள்ள அலிசரின், எலும்பின் கால்சியத்தோடேயே பிணைகிறது. சோழமண்டலக் கரையின் சாயவேர் துணிக்குத் தந்த சிவப்பும் அலிசரினால் வந்ததே. அமிலச் சாயம் எலும்பின் சிறுபகுதியான புரதத்தை நம்புகிறது. அலிசரின் பெரும்பகுதியான கனிமத்தைப் பற்றுகிறது. எலும்பைப் பொறுத்தவரை இதுவே கெட்டிச் சாயம். விலை, நேரம், விதவிதமான நிறம் என்ற கணக்கில் தொழிற்சாலைகள் வேறு வழி போனது புரிகிறது என்றாலும், அறிவு நிறைந்த ஒரு முறை கைவிடப்பட்டதில் இழப்பு உண்டு.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் தோய்த்துப் பழுப்பாக்குவதும் பழைய வழி; கொம்பு வேலைக்காரர்கள் இதை இன்றும் செய்கிறார்கள். எலும்பில் படியும் மாங்கனீசு டை ஆக்சைடு நீரில் கரையாது. ஆகவே அந்தப் பழுப்பு தேயலாம், கசியாது.

தூண்டுபவையும் தணிப்பவையும்

அமிலச் சாயத்துக்கு எதிரி காரம். சோப்பு நீரிலும் சலவைத்தூளிலும் புரதத்தின் நேர்மின்னேற்றம் தணிந்து, பற்றியிருந்த சாயமும் விட்டுப்போகிறது. சாயம் போகிறதே என்று சோப்புப் போட்டு ஊறவைப்பவர் நன்றாகப் பிடித்த நிறத்தையும் சேர்த்து இழக்கிறார். ஆல்கஹாலும் அசிட்டோனும் பல சாயங்களை நொடியில் கரைக்கின்றன. நீண்ட நேரம் நீரில் ஊறிய எலும்பு உப்பி, பின் காய்ந்து சுருங்கும்போது ஆணி அடித்த துளைகளைச் சுற்றி விரிசல் விடும். சாயக் கசிவை விட இந்தச் சேதம் பெரிது.

ஈரம் பிழிந்த வெள்ளைப் பருத்தித் துணியால் பிடியைத் துடைத்து, உடனே உலர்த்தி, மறுநாள் மீண்டும் துடைப்பது பாதுகாப்பான வழி. துணியில் நிறம் நாளுக்கு நாள் குறைந்துவந்தால் தங்கிய சாயம் தீர்ந்துவருகிறது என்று பொருள். பிறகு கனிம எண்ணெயைத் துளியளவு பூசித் துடைக்கலாம். எண்ணெயில் கரையும் சாயம் போட்டிருந்தால் எண்ணெயே அதை வெளியே கொண்டுவரும். அப்படிப்பட்ட பிடிக்கு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான ரினெய்சன்ஸ் வகை நுண்படிக மெழுகு மேல். ஆனால் அதிலும் கரைப்பான் கலந்திருப்பதால் உள்ளொதுங்கிய இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டே பூச வேண்டும். கசிவு நிற்கும்வரை வெளிர்நிற உடையின் பையில் கத்தியைப் போடாதிருப்பதும், பழம் நறுக்குமுன் கையைக் கழுவுவதும் நல்லது. துணிக்கென்று செய்த சாயம் உணவுக்கானது அல்ல.

தங்கிய சாயத்தைத் தீர்க்கும் இந்த வேலை, கத்தி வாங்குபவர் தலையில் விழக் கூடாது. சாயமேற்றிய தகட்டை நீர் தெளியும்வரை அலசி, உலர்த்தி, மறுபடி அலசுவதற்கு ஆலையில் ஆகும் செலவு ஒரு கத்தியின் விலையில் சிறு பங்குதான். 1960இல் சந்தைக்கு வந்த டெல்ரின் போன்ற பிளாஸ்டிக்குகளில் நிறம் பொருளோடேயே கலந்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. எலும்பை விட்டு ஆலைகள் அவற்றுக்கு மாறியதற்கு விலையோடு இந்தச் சீரான தன்மையும் காரணம்.

சாயமல்லாத கறைகள்

பிடிக்கும் உலோகத்துக்கும் இடையே பச்சையாகப் பிசுபிசுப்பது சாயமல்ல. பித்தளை உள்தகட்டிலுள்ள செம்பு, எண்ணெயோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து விளையும் களிம்பு. அலகு மடங்கும் மூட்டில் வரும் கறுப்பு, தேய்ந்த எஃகுத்தூளும் பழைய எண்ணெயும் கலந்தது. பிடியின் நடுப்பகுதியை மட்டும் ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தால் சாயம் எது, களிம்பு எது என்று தெரிந்துவிடும்.

பழைய கத்தி சேகரிப்போருக்கு இதே சோதனை வேறொரு வகையில் கைகொடுக்கிறது. பல பத்தாண்டுகள் கையிலும் பையிலும் புழங்கிய எலும்பில் கசிவதற்குச் சாயம் மிஞ்சியிருப்பது அரிது. 1920களில் செய்தது என்று விற்கப்படும் கத்தியின் பிடி ஈரத்துணியில் தாராளமாக நிறம் விட்டால், பிடிக்கு அண்மையில் மறுசாயம் போட்டிருக்கலாம், அல்லது பிடியையே மாற்றியிருக்கலாம். அப்போது ஆணிகளின் தலையைச் சுற்றியுள்ள தேய்மானத்தையும், எலும்பும் உலோகமும் சேரும் விளிம்பையும் உருப்பெருக்கியில் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.