மெலிவு

தமிழில் இசை வரலாறு என்ற பெயரில் எழுதப்பட்டிருப்பவை பெரும்பாலும் பாடகர்களின் வரலாறுகள். கொஞ்சம் தாராள மனசு இருந்தால் வயலினும் மிருதங்கமும் உள்ளே வரும். நாகஸ்வரம் வாசலில் நிற்கும். சினிமாப் பாட்டு என்றால் நடிகன், பாடகன், கவிஞன், இசையமைப்பாளன் என்று நாலு பேரோடு சரி. பாட்டுக்கு அடியில் யார், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்விக்கு நம் விமர்சனத்தில் இடம் மிகக் குறைவு. 1981லிருந்து பத்து வருஷம்போலத் தென்மாவட்டத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிடார் வாசித்தவன் என்ற முறையில் இதில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. சினிமாப் பாட்டு என்றதும் வெகுஜனக் குப்பை என்று முகம் சுளிக்கிற நண்பர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம்.

பேஸ் கிடாருக்குப் பிறந்த வருஷம் உண்டு. நம் வாத்தியங்களில் எதற்கும் இந்த வசதி கிடையாது. 1951ல் கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில், ரேடியோ ரிப்பேரில் தொழில் தொடங்கிய லியோ ஃபெண்டர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. அவருக்கு முன்பே, 1930களில், சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் இதே மாதிரி ஒன்றைச் செய்திருந்தார், யாரும் சீந்தவில்லை. ஃபெண்டர் காலத்தில் தேவை முற்றியிருந்தது. ட்ரம்ஸும் ஊதுவாத்தியங்களும் மின்கிடாரும் போடுகிற சத்தத்தில் டபுள் பேஸ், அதாவது ஆள் உயர வயலின் என்று நாம் வியந்து பார்க்கிற அந்த மரப்பூதம், காதில் விழாமல் போயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிவது வேறு இம்சை. ஃபெண்டர் அதை 34 அங்குலத் தந்தி நீளத்தில் தோளில் மாட்டிக்கொள்கிற பலகையாகச் சுருக்கினார். கழுத்தில், வீணையில் மெட்டு என்கிறோமே, அதைப் பதித்தார். மெட்டு இருப்பதால் விரல் அழுத்துகிற இடத்தில் சுரம் பிசகாது. ‘பிரிஸிஷன்’ என்று பெயர் வைத்தது அதனால்தான். லயனல் ஹாம்ப்டன் குழுவில் மங்க் மான்ட்கோமரி 50களின் தொடக்கத்திலேயே அதை மேடையேற்றினார். ஆக, இது ஒரு கலைஞனின் கனவிலிருந்து பிறந்த வாத்தியம் அல்ல. சுமை, சத்தம், கூலி ஆகிய மூன்று பிரச்னைகளுக்கு ஒரு மெக்கானிக் கண்ட தீர்வு. எனக்கு இதில் ஒரு திருப்தி இருக்கிறது.

யாரும் இதை ஆசைப்பட்டு எடுப்பதில்லை என்பதும் வரலாறுதான். பீட்டில்ஸில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் ஓவியம் வரையப் போகிறேன் என்று 1961ல் ஹாம்பர்கில் ஒதுங்கிக்கொண்டபோது, மற்றவர்கள் கைவிரித்ததால் பால் மக்கார்ட்னியின் தோளில் அது ஏறியது. அவர் பிறகு அதை என்னவாக ஆக்கினார் என்பது வேறு கதை. 1966ல் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பதிவில் பேஸ் எடுப்பாகக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு ஒலிபெருக்கியையே மைக்காக மாற்றி வைத்துப் பதிந்தார்கள். அதுவரை, பேஸ் கூடினால் இசைத்தட்டில் ஊசி எகிறிவிடும் என்ற பயத்தில் பொறியாளர்கள் அதை அடக்கியே வைத்திருந்தார்கள். வாசித்தவன் வாசித்தான், கேட்டவனுக்குப் போய்ச் சேரவில்லை.

டெட்ராய்டில் மோடவுன் கம்பெனிக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்ஸன் விஷயத்தில் சுரம் போய்ச் சேர்ந்தது. பெயர் போய்ச் சேரவில்லை. வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே தந்தியை மீட்டுகிறவர். 60களில் உலகம் முழுக்க ஆடிய பாட்டுகளின் அடியில் அந்த ஒற்றை விரல் இருந்தது. அந்த இசைத்தட்டுகளின் உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் கிடையாது. 1971ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ உறையில்தான் அவர் பெயர் அச்சேறியது. 1983ல் கம்பெனி தன் 25 வருஷத்தைக் கொண்டாடியபோது அவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் இறந்துபோனார். 2000த்தில் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில், பக்கவாத்தியக்காரர்களுக்கென்று தனியே ஒரு வகை ஏற்படுத்தி, அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

நம் பக்கம் வருவோம். பழந்தமிழ் இசை வழக்கில் மூன்று ஸ்தாயிகளுக்கும் சொற்கள் உண்டு: மெலிவு, சமன், வலிவு. கீழ் ஸ்தாயி மெலிவு. குரல் கீழே இறங்க இறங்க வலு குறைகிறது என்ற அனுபவத்திலிருந்து வந்த சொல்லாக இருக்க வேண்டும். மனிதக் குரலுக்கு அது சரி. குரலை அளவுகோலாக வைத்தே எல்லா இசையையும் கேட்டுப் பழகிய சமூகத்தில் கீழ்ச்சுரத்துக்கு இப்படித்தான் பெயர் வைப்பார்கள். இன்னொன்றும் உண்டு. ஏழு சுரத்தில் முதலாவதான குரலுக்கு ஐந்தாவதாக நிற்கும் இளியைக் கிளை என்றார்கள், உறவுக்காரன் என்கிற அர்த்தத்தில். பேஸ் வாசிக்க வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே இந்தக் குரலும் இளியும்தான். ஸ-ப, ஸ-ப என்று ராத்திரி முழுக்க வாசித்துச் சம்பாதித்துவிடலாம். பல பேர் அப்படித்தான் வாசித்தார்கள்.

கீழ் நாதமே நம்மிடம் இல்லை என்று சொல்ல முடியாது. தம்பூராவின் மந்தர ஷட்ஜம் இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து அப்புவதே அந்தக் கனத்துக்காகத்தான். உறுமி இருக்கிறது. வில்லுப்பாட்டில் குடம் இருக்கிறது. ஆனால் தம்பூராவின் கீழ்ச்சுரம் இடம் பெயர்வதில்லை. ஆதார சுருதி அசைந்தால் நம் சங்கீதமே இல்லை. தொப்பியும் குடமும் தாளத்தின் ஆட்கள். பேஸ் செய்கிற காரியம் வேறு. மேலே பாடகி பஞ்சமத்தில் நிற்கிறாள், கீழே பேஸ் ஷட்ஜத்தில் இருக்கிறது, எல்லாம் நிம்மதி. அவள் அப்படியே நிற்கும்போது கீழே பேஸ் காந்தாரத்துக்கு நகர்கிறது. பாடகி எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்தப் பஞ்சமத்துக்கு இப்போது ஒரு துக்கம் வந்துவிடுகிறது. இது நமக்கு வெளியிலிருந்து வந்த அனுபவம். சினிமா வழியாக வந்தது. சென்னை ஸ்டூடியோக்களில் ஆங்கிலோ இந்தியர்களும் கோவாக்காரர்களும் கொண்டுவந்த பழக்கம் இது.

வந்ததா என்பதே ஒரு கேள்வி. பேஸின் அடித்தந்தி வினாடிக்கு 41 அதிர்வு. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கோயில் மரத்திலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி சுமார் 300க்குக் கீழே பெரும்பாலும் ஊமை. இலங்கை வானொலியை நாங்கள் கேட்ட பெட்டிகளின் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவு. அப்படியானால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி சினிமாப் பாட்டின் கீழ்ப்பாதியைக் கேட்காமலே ரசித்து வந்திருக்கிறது. முழுக்கக் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அடிச்சுரம் அறுபட்டுப் போனாலும் அதன் மேல் கிளைக்கும் நுண்சுரங்கள் மிச்சமிருந்தால், மூளை அவற்றை வைத்து இல்லாத அடிச்சுரத்தைக் கட்டிக்கொள்ளும். இது ஒலியியலில் நிரூபணமான விஷயம். ஒரு தலைமுறை பேஸைக் கேட்கவில்லை, ஊகித்தது.

மெல்லிசைக் குழுவின் சரித்திர முக்கியத்துவம் இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. சினிமாப் பாட்டைக் காப்பியடிக்கிற கூட்டம் என்றுதான் அதைப் பற்றிப் பேச்சு. உண்மைதான், எங்கள் லட்சியமே ரிக்கார்டு மாதிரி வாசிப்பது. ஆனால் அந்தக் காப்பி ரிக்கார்டைவிட முழுசாக இருந்தது. எங்கள் குழுவில் லீட், ரிதம், பேஸ் என்று மூன்று கிடார், ஒரு காம்போ ஆர்கன், ட்ரம்ஸ், தபலா, டோலக், தும்பா, டி.எம்.எஸ். குரலுக்கு ஒருவர், எஸ்.பி.பி. குரலுக்கு ஒருவர், பெண்குரல் ஒன்று. பேஸ் கல்கத்தாவில் செய்தது; வெளிநாட்டு வாத்தியம் இறக்குமதிக் கெடுபிடியில் எட்டாக்கனி. அதற்கான பெட்டியை உள்ளூர் ரேடியோ மெக்கானிக் 15 அங்குல ஸ்பீக்கரைப் பலகைக்குள் வைத்துச் செய்துகொடுத்தார். பஸ் கூரையில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். அதற்கு லக்கேஜ் டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று கண்டக்டர்களோடு நடந்த தர்க்கங்கள் தனிப் புத்தகம். கூம்பு ஒலிபெருக்கிகள் பாடகர்களுக்கு. என் பெட்டி மேடையிலேயே, என் முதுகுக்குப் பின்னால்.

முதல் வருஷம் ஒரு கொடை விழாவில் பையன் ஒருவன் மேடை ஓரம் வந்து, “அண்ணே, உங்க கிடார்ல ரெண்டு கம்பி அந்து போச்சா?” என்று கேட்டான். நாலு கம்பி என்பதை அவன் நம்பவில்லை. அதே ராத்திரி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, “என்னய்யா இது, நெஞ்சுக்குள்ள குடம் அடிக்கி” என்றாள். வில்லுப்பாட்டுக் குடத்தைச் சொல்கிறாள். என் வாசிப்பைப் பற்றி நான் கேட்ட ஒரே சங்கீத விமர்சனம் அதுதான். இன்றுவரை அதைவிடச் சரியானது ஒன்றைப் படித்ததில்லை. அவள் காதால் கேட்டதைச் சொல்லவில்லை. சுரத்தை மார்பு எலும்பில் வாங்கியிருந்தாள். கூம்பு ஒலிபெருக்கி எத்தனை வருஷம் அலறினாலும் செய்திருக்க முடியாத காரியம்.

இன்னொரு ஊரில் நடுக்கச்சேரியில் என் பெட்டி ஃப்யூஸ் போய்விட்டது. பாட்டு நிற்கவில்லை, நானும் விரலை நிறுத்தவில்லை. கூட்டத்தில் யாருக்கும் என்ன குறைந்தது என்று தெரியவில்லை. ஆனால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார ஆரம்பித்தார்கள். ரெண்டு பாட்டு கழித்து மாஸ்டர் திரும்பி ட்ரம்ஸ்காரரை முறைத்தார்.

1983 வாக்கில் கச்சேரிக்கு எனக்கு 40 ரூபாய், டி.எம்.எஸ். குரலுக்கு 100. அந்தக் குரல் இல்லாமல் கச்சேரி புக் ஆகாது என்பதால் இதில் நியாயம் இருந்தது. அநியாயம் வேறு இடத்தில். புதுப்படக் காசெட் வந்ததும் பாடகர்கள் ஒரு மணி நேரத்தில் பாட்டை எடுத்துவிடுவார்கள். பேஸை எடுக்க எனக்கு இரண்டு ராத்திரி. காசெட்டில் அது இருட்டுக்குள் இருட்டாக இருக்கும். ஹெட்ஃபோன் மாட்டி, ஒவ்வொரு வரியாகச் சுற்றிச் சுற்றி, ஸரிகமவாக நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த நோட்டுகள்தான் என்னைப் பொறுத்தவரை அக்காலத்தின் ஆவணங்கள். அவற்றை வருஷவாரியாகப் புரட்டினால் ஒன்று தெரிகிறது: பழைய பாட்டுகளுக்கு அரைப் பக்கம் போதும், இளையராஜா பாட்டு ஒவ்வொன்றும் மூன்று பக்கம், நாலு பக்கம் தின்னும்.

1976ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது எல்லோரும் கிராமியம் என்றார்கள். மண்வாசனை என்ற சொல்லை வைத்துக்கொண்டு நம் விமர்சகர்கள் பத்து வருஷம் ஓட்டினார்கள். அதன் கீழே நடந்துகொண்டிருந்ததை யாரும் குனிந்து பார்க்கவில்லை. அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்த மனிதர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கைப்பட ஸ்வரம் எழுதிக் கொடுத்தார். பேஸுக்கும் எழுதினார். அதை சசிதரன் போன்றவர்கள் வாசித்தார்கள். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தில் நிலவைப் பற்றி வருகிற பாட்டில் கிடாரைச் சிலாகிக்காதவர் இல்லை. அதன் பேஸை மட்டும் தனியே பிரித்துப் பாடிப் பாருங்கள். அது ஒரு முழுப் பாட்டாக நிற்கும். மேலே பாடுகிறவனுக்கு வேலைக்காரனாக இல்லை, அவனோடு பேசிக்கொண்டு போகிற இன்னொரு ஆளாக இருக்கிறது. ஸ-ப என்று கூலிக்கு நின்றது எழுந்து நடக்க ஆரம்பித்தது இங்கேதான். கிராமியம் என்று கொண்டாடப்பட்ட அந்த இசைதான், கிராமத்து ஒலிபெருக்கிகளால் பாதிகூடத் தாங்க முடியாத இசையாகவும் இருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இடதுகையால் ஒரு கார்டைப் பிடித்தால் தாளமும் பேஸும் தானே ஓடுகிற கீபோர்டுகள் மேடைக்கு வந்தன. குழுவில் ஒரு ஆள் குறைந்தால் வேனில் ஒரு இடம் மிச்சம், ஒரு சாப்பாடு மிச்சம், ஒரு பேட்டா மிச்சம். முதலில் குறைந்தது ரிதம் கிடார், அடுத்தது பேஸ். என்னிடம் யாரும் போ என்று சொல்லவில்லை; அடுத்த கச்சேரிக்குத் தகவல் வரவில்லை. கொஞ்ச வருஷத்தில் தபலாவும் போனது. பிறகு குரலை மட்டும் உருவி எடுத்த ட்ராக்கைப் போட்டுவிட்டுப் பாடகர்கள் மட்டும் நிற்கிற மேடைகள் வந்தன. கூம்புகள் போய் ஆள் உயரப் பெட்டிகள் வந்துவிட்ட காலத்தில், வயிற்றைக் கலக்குகிற பேஸ் எல்லா ஊருக்கும் கிடைத்த காலத்தில், அதை வாசிக்க மேடையில் ஆள் இல்லை. சென்னைப் பதிவுகளில் ஏ.ஆர். ரஹ்மானுக்கு கீத் பீட்டர்ஸ் வாசித்தார். அவர் பெயரைத் தேடிப் பிடித்துச் சொல்கிற ரசிகர்கள் சிலராவது உண்டானார்கள்.

என் பேஸை 1993ல் ஒரு சபைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் ஞாயிறு ஆராதனைக்கு இன்றும் பையன்கள் நின்று வாசிக்கிறார்கள். அவர்களில் சிலர் கையில் இருப்பது ஐந்து கம்பி. அடித்தந்தி 31 அதிர்வு, நான் ஒருபோதும் இறங்கியிராத பள்ளம். அவர்களுக்குக் கூலி கிடையாது. பாடகர் பெயரும் நோட்டீஸில் இல்லை.