ஒரு லூப், நாலு நாள், ஒரு ஆஸ்பத்திரி

இன்னிக்கு ஒரு பழைய கேள்வி. ஒரு கம்பெனிக்கு ரெண்டு ஊர்ல ஆபீஸ் இருக்கு. நடுவுல லிங்க் எடுக்கணும். சுவிட்ச்சோட சுவிட்ச்சை இணைச்சு ரெண்டையும் ஒரே நெட்வொர்க்கா ஆக்கிடலாமா, இல்ல ரவுட்டர் வெச்சுப் பிரிக்கணுமா? பதிலுக்கு 2002 நவம்பர்ல பாஸ்டனுக்குப் போகணும். அதுக்கு முன்னாடி 1980-கள்ல ஒரு சின்ன ஸ்டாப்.

மாசசூசெட்ஸில் டெக் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி. அங்கே ரேடியா பெர்ல்மன் என்ற இன்ஜினியர் ரவுட்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஈதர்நெட் பரவிக்கொண்டிருந்தது. ஈதர்நெட் என்பது ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கேபிள், அவ்வளவுதான். ஊர் தாண்டிப் போக மேலே ரவுட்டிங் வேண்டும் என்பது பெர்ல்மனின் வாதம். ஆனால் பலர் ரவுட்டிங்கையே மறந்துவிட்டு நேராக ஈதர்நெட் மேல் மென்பொருள் எழுதிவிட்டார்கள். டெக்கின் சொந்த 'லேட்' புரோட்டோகாலே அப்படித்தான். அதை ரவுட்டர் வழியாக அனுப்ப வழியே இல்லை. அதனால் கேபிள்களை ஒட்டவைக்க பிரிட்ஜ் என்று ஒரு பெட்டி தேவைப்பட்டது. இன்றைய சுவிட்ச்சின் தாத்தா அதுதான்.

இதுல ஒரு ஆபத்து இருக்கு. ஐபி பாக்கெட்டுக்கு ஆயுசு எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று குறைக்கும், பூஜ்யம் ஆனதும் தூக்கிப் போட்டுவிடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அந்த எண்ணே கிடையாது. வட்டமாக ஒரு பாதை இருந்தால், எல்லோருக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுவிட்ச்சிலும் நகல் பெருகும். சில நொடிகளில் மொத்த நெட்வொர்க்கும் மூச்சுத்திணறும்.

பெர்ல்மனின் தீர்வு ஸ்பானிங் ட்ரீ. கூடுதலாக இருக்கும் பாதைகளைத் தானாகவே மூடி, வட்டம் இல்லாத ஒரு மரத்தை மட்டும் திறந்து வைக்கும். மேனேஜர் லீவில் போன வாரத்தில் வேலையை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் அதற்கு ஒரு கவிதையும் எழுதினாராம். 1985-ல் வந்த ஆய்வுக் கட்டுரையில் அந்தக் கவிதை இருக்கிறது. எங்களுக்கு காலேஜ்ல இது 16 மார்க் கேள்வி. எப்படி வேலை செய்யும்னு மனப்பாடம் பண்ணினோம். எப்ப வேலை செய்யாதுன்னு யாரும் கேக்கவே இல்ல.

அந்தக் கேள்விக்கான பதில்தான் பாஸ்டன். பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மெடிக்கல் சென்டர், ஹார்வர்டோடு இணைந்த பெரிய ஆஸ்பத்திரி. 1996-ல் இரண்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து உருவானது. நெட்வொர்க்கும் அப்படியே வளர்ந்தது: புதுசாக ஒரு இடம் வந்தால் இன்னொரு சுவிட்ச், ஒரு லிங்க். அந்தக் காலத்தில் அது தப்பான முடிவும் இல்லை. சுவிட்ச் விலை குறைவு, வேகம் அதிகம், ஐபி முகவரியை மாற்றவே வேண்டாம்.

2002 நவம்பர் 13. ஒரு ஆராய்ச்சியாளர் பெரிய அளவு டேட்டாவை நெட்வொர்க்கில் ஏற்றினார். எல்லாம் மந்தமானது, பிறகு விழுந்தது. கொஞ்சம் எழும், திரும்ப விழும்.

காரணம் இதுதான். ஸ்பானிங் ட்ரீயில் சுவிட்ச்கள் 2 நொடிக்கு ஒருமுறை 'நான் இருக்கேன்'னு செய்தி அனுப்பும். 20 நொடி அது வரலைன்னா, அந்தப் பாதை செத்துப்போச்சுன்னு நினைச்சு, மூடி வெச்ச வேறு ஒரு பாதையைத் திறந்துடும். ஆனா பாதை சாகல, டிராஃபிக் நெரிசல்ல செய்திதான் தொலைஞ்சுபோச்சு! இப்ப ரெண்டு பாதையும் திறந்திருக்கு. லூப். லூப்னால நெரிசல் இன்னும் கூடும், இன்னும் செய்திகள் தொலையும். இந்த டைமர்களை, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அதிகபட்சம் ஏழு சுவிட்ச் என்ற கணக்கில் அமைத்திருந்தார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் போகும் நெட்வொர்க்கில் அந்த எல்லை எப்போதோ தாண்டியிருந்தது. ஆராய்ச்சியாளர் மேல் பழி போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் இல்லையென்றால் இன்னொருவர்.

ஏறக்குறைய நாலு நாள் ஆஸ்பத்திரி காகிதத்துக்குத் திரும்பியது. லேப் ரிசல்ட்டை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கம்ப்யூட்டரிலேயே மருந்து எழுதிப் பழகிய இளம் டாக்டர்களுக்கு, சீனியர்கள் சீட்டு எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். எமர்ஜென்சிக்கு வந்த ஆம்புலன்ஸ்களைச் சில மணி நேரம் வேறு ஆஸ்பத்திரிகளுக்குத் திருப்பினார்கள். ஒரு கேபிள் முடிவோட விலை இவ்வளவு தூரம் போகும்.

சிஸ்கோவின் குழு வந்து இறங்கியது. அவர்கள் செய்ததன் சாரம்: ஒரே பெரிய சுவிட்ச் நெட்வொர்க்கை ரவுட்டர்களால் பல துண்டாக வெட்டினார்கள். இனி ஒரு துண்டில் லூப் வந்தால் அந்தத் துண்டு மட்டும்தான் விழும். அங்கே ஐடி தலைவராக இருந்த ஜான் ஹலாம்கா எதையும் மூடி மறைக்காமல் பத்திரிகைகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். நமக்கு இவ்வளவு தெரிவது அதனால்தான்.

சரி, நம்ம ரெண்டு ஆபீஸுக்கு வருவோம். சர்வீஸ் புரொவைடர் சுவிட்ச்டு லிங்க்தான் தர்றாங்கன்னா தாராளமா வாங்குங்க, விலை சரியா இருந்தா நல்லதுதான். ஆனா ரெண்டு முனையிலும் ரவுட்டர் வைங்க. ரெண்டு பக்கமும் ஒரே முகவரி வரிசை இருந்தாதான் ஓடுவேன்னு அடம்பிடிக்கிற பழைய மென்பொருள் இருந்தா மட்டும் விதிவிலக்கு. அப்பவும் அதுக்கு மட்டும் தனியா ஒரு விலான் போடுங்க, மொத்த ஆபீஸையும் அதோட கட்டாதீங்க.

பெர்ல்மன் பிறகு தன் ஸ்பானிங் ட்ரீக்கே மாற்றாக டிரில் என்று ஒன்றை வடிவமைத்தார். பாதி ரவுட்டர், பாதி பிரிட்ஜ். அதில் ஃபிரேமுக்கும் ஆயுசு எண் உண்டு. 2011-ல் அதன் வரையறை வெளியானது. அதிலும் ஒரு கவிதை இருக்கு. இந்த முறை எழுதினது அவங்க மகன்.