மணிக்கூண்டு முத்தமும் மண்டபத்து ஆவியும்

அமெரிக்காவின் ஏம்ஸ் நகரில் உள்ள அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகிறவர்களின் காதில் சீக்கிரமே இரண்டு கதைகள் விழுந்துவிடும். நள்ளிரவு மணி அடிக்கும்போது மணிக்கூண்டின் அடியில் முத்தம் பெற்றால்தான் ஒருவர் அந்த வளாகத்தின் உண்மையான பிள்ளை என்பது ஒன்று. மெமோரியல் யூனியன் கட்டடத்தின் கோல்ட் ஸ்டார் மண்டபத்தில் ஒரு பெண்ணின் ஆவி உலவுகிறது என்பது இன்னொன்று. முதலாவது காதலருக்கு, அடுத்தது பயந்தாங்கொள்ளிகளுக்கு என்று பிரித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டுக்கும் அடியில் ஒரு பெண்ணின் சாவு இருக்கிறது.

மார்கரெட் மெக்டொனால்ட் ஸ்டான்டன் அங்கே மாணவியருக்கான முதல் டீன், 1895இல் இறந்தார். கணவர் எட்கர் ஸ்டான்டன் கணிதப் பேராசிரியர். 1872இல் பட்டம் பெற்ற முதல் அணியில் ஒருவர். மனைவியின் நினைவாக அவர் இங்கிலாந்தின் லஃபரோவிலிருந்து, ஜான் டெய்லர் வார்ப்புக்கூடத்தில் செய்த பத்து மணிகளை வரவழைத்துக் கொடுத்தார். அவற்றைத் தாங்கத்தான் அந்தச் செங்கல் கோபுரம் எழுந்தது. 1920இல் அவரும் போய்ச்சேர்ந்தார். அவர் எழுதிவைத்த பணத்தால் 1929இல் மணிகள் 36 ஆயின. மனைவியைப் பறிகொடுத்தவரின் அழுகைதான் அந்த ஓசை. பன்னிரண்டு அடித்து ஓயும்வரை அதன் கீழே இளசுகள் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

கோல்ட் ஸ்டார் மண்டபம், போர்களில் உயிர்விட்ட அந்தக் கல்லூரிக்காரர்களின் பெயர்களைச் சுவரில் தாங்கி நிற்பது. முதல் உலகப் போருக்கான வரிசையில் ஒரே பெண்பெயர் ஹார்டென்ஸ் விண்ட். இத்தனை ஆண்களுக்கு நடுவே தனித்துப் போனதால் அவர் ஆவி அலைகிறதாம். என்னை உறுத்துவது இதுதான். போர்ப்பணிக்குப் போய் உயிர்விட்ட ஒரு பெண்ணின் துணிவைப் பற்றி அந்த வளாகத்தில் ஒரு கதை பிறக்கவில்லை. துணையின்மையைப் பற்றித்தான் பிறந்தது.

மார்கரெட் ஏன் பேயாகவில்லை? அவருக்காக அழ ஓர் ஆள் இருந்தார், அந்த அழுகை நாள்தோறும் எல்லார் காதிலும் விழுந்தது. ஹார்டென்ஸுக்குக் கிடைத்தது கல்லில் ஒரு வரி. மிச்சத்தை மாணவர்கள் தங்கள் தனிமையைக் கொண்டே நிரப்பியிருக்க வேண்டும். வீட்டைவிட்டு வந்த பதினெட்டு வயசுக்கு அது தெரியாததா? ஆனாலும் அந்தக் கதையைக் குறைசொல்ல முடியவில்லை. அது இல்லாவிட்டால் அத்தனை பெயர்களுக்கிடையே அவர் பெயரை யார் தேடிப் படிப்பார்கள்?

இப்படிக் கதை காப்பாற்றிவைத்தது இன்னொன்றும் அங்கே உண்டு. அதே மெமோரியல் யூனியன் கட்டடத்தின் தரையில் வெண்கலத்தில் ராசிச்சக்கரம் புடைப்பாகப் பதிந்திருக்கிறது. கால்பட்டுத் தேய்ந்து தரையோடு தரையாகட்டும் என்றுதான் அப்படி அமைத்தார்கள். ஆனால் மிதித்தவர் அடுத்த தேர்வில் தோற்பார் என்ற பேச்சு பரவியது. தவறி மிதித்தால் வெளியே உள்ள நீரூற்றில் காசு போட்டுப் பரிகாரம் தேட வேண்டும். மாணவர்கள் இன்றும் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறார்கள். தேய்வதற்கென்று வைத்த உருவங்கள் தேயாமல் கிடக்கின்றன.