நிலவின் நேரம்: வாக்கியக் கணிதம், போயா வாரம், நிலவுப் பயணம்

நிலவை அடைந்த வரலாற்றை ராக்கெட்டின் வரலாறாக எழுதுவதே வழக்கம். கேப் கனாவெரலிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் நடக்கும் அந்தக் கதையில் பட்டிப்பொலவுக்கு இடமில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் உள்ள இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் என்பதுதான் வெளியார் அறிந்த பட்டிப்பொல. ஆனால் தூரத்தைக் கடக்குமுன் நேரத்தைக் கணித்தாக வேண்டும். நிலவு எப்போது எங்கே நிற்கும், அதன் எந்தப் பகுதியில் அப்போது வெயில் விழும் என்று தெரியாமல் யாரும் அங்கே இறங்க முடியாது. இந்த நேரக் கணக்கின் வழியே பார்த்தால், மலையகத் தமிழர் வாழ்வு அந்த வரலாற்றோடு பல இடங்களில் பின்னிக் கிடப்பது தெரியும்.

திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு ஆள் வந்தது. அந்த ஊர்களில் நல்லது கெட்டதுக்கு நாள் குறித்தது வாக்கியப் பஞ்சாங்கம். அதன் அடிப்படையில் 248 சந்திர வாக்கியங்கள் உள்ளன. எழுத்துக்கு ஓர் எண் என்ற முறையில் அமைந்த சொற்றொடர்கள் அவை. ஒவ்வொன்றும் ஒரு நாளுக்குரிய நிலவின் இடத்தைச் சொல்லும். பூமிக்கு மிக நெருங்கும் புள்ளியிலிருந்து புறப்படும் நிலவு மீண்டும் அதே புள்ளிக்கு வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். அப்படி ஒன்பது சுற்று முடிந்தால் கிட்டத்தட்ட மிகச்சரியாக 248 நாள். மனப்பாடம் செய்தவருக்குத் தாளும் தேவையில்லை.

1768இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி இதை நேரில் கண்டார். ஏற்கெனவே நடந்து முடிந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை ஒரு தமிழர் சோழிகளை வைத்து முக்கால் மணி நேரத்துக்குள் அவருக்குக் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் அந்தக் கணக்கு 41 விநாடி குறைந்திருந்தது. அன்றைய ஐரோப்பாவின் மிகச் சிறந்த நிலவு அட்டவணையான டோபியாஸ் மேயருடையது 68 விநாடி கூடியிருந்தது. ஒரே ஒரு கிரகணத்தை வைத்து எந்த முறை மேல் என்று தீர்ப்புச் சொல்வது முறையாகாது. எனினும், நிலவின் நேரத்தை அறியும் அவா ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை என்பதற்கு இது போதும்.

இருநூறு ஆண்டு கழித்து, இலங்கை அரசே நிலவைக் கொண்டு வாரத்தை அளந்தது. 1966 ஜனவரி முதல் டட்லி சேனநாயக்க அரசு ஞாயிறு விடுமுறையை நீக்கி, பௌத்தர்களின் புனித நாளான போயாவை விடுமுறையாக்கியது. அமாவாசை, பௌர்ணமி, இரு அரைநிலவு ஆகிய நான்கு நாளும் விடுமுறை. அவற்றுக்கு முந்தைய நாள் அரைநாள். நிலவின் சுற்று இருபத்தொன்பதரை நாள். அதை நான்காக வகுத்தால் ஏழு நாளும் சொச்சமும் வரும். ஆகவே சில வாரம் ஏழு நாளாகவும் சில வாரம் எட்டு நாளாகவும் அமைந்தது. பள்ளிக்கூடம், வங்கி, கந்தோர் எல்லாம் பிறையைப் பார்த்தே மூடின. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகும் கிறிஸ்தவர்களுக்கு அந்த நாள் வேலை நாளாயிற்று. லண்டன் சனி, ஞாயிறு மூடும். கொழும்பு போயாவுக்கு மூடும். இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நாள்கள் குறைந்தன. தேயிலை ஏற்றுமதியை நம்பிய நாட்டுக்கு இது தாங்கவில்லை. 1971இல் ஞாயிறு திரும்பியது. பௌர்ணமிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நின்றது.

இந்தப் போயா வார ஏற்பாட்டை வெறும் அரசியல் சலுகையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. நிலவை நோக்கி மனிதர் சென்ற அப்பல்லோ 8, 10, 11, 12, 13 ஆகிய பயணங்கள் அனைத்தும் இந்தப் போயா ஆண்டுகளுக்குள் நடந்தவை. நிலவைக் கடிகாரமாக வைத்திருந்த ஒரு நாடு, அதே நிலவு ஓர் ஊராக மாறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும், பார்க்கவில்லை. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். 1969 ஜூலையில் செய்தி வானொலியிலும், மறுநாள் வீரகேசரி, தினகரன் போன்ற பத்திரிகைகளிலும்தான் வந்து சேரும். அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது இலங்கை நேரம் ஜூலை 21 அதிகாலை 1.47. ஆம்ஸ்ட்ரோங் கால் வைத்தபோது காலை 8.26. முதலாவது கணத்தில் நிலவு மேற்கே மறைந்துவிட்டிருந்தது. இரண்டாவதில் இன்னும் உதிக்கவில்லை. இரண்டு வேளையும் இலங்கை வானில் நிலவே இல்லை. இருந்திருந்தாலும் பட்டிப்பொலவில் தெரிந்திருப்பது ஐயமே. ஜூலை, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதம். பட்டிப்பொலவில் மூடுபனியும் தூறலுமாக இருக்கும். சுரங்கப்பாதையைத் தாண்டி ஒஹியப் பக்கம் போனால் ஊவாவின் வானம் வெளுத்துக் கிடக்கும். 8.26 என்பது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கலைந்து கொழுந்துக் கூடையோடு மலை ஏறியிருக்கும் நேரம். வருகைப் பதிவேடான செக்ரோலில் அன்றைய பேர் விழ வேண்டுமானால் லயக் காம்பராவில் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது.

அந்தப் பேருக்கு உரியவர்களில் பெரும்பாலோருக்கு அன்று நாடு இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என்று விட்டது. இந்தியாவுக்குக் கப்பலேற ஊவாத் தோட்டங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட குடும்பங்களின் ரயில் பாதை பட்டிப்பொல வழியாகவே போகிறது. மனிதகுலம் நிலவில் கால் வைத்தது என்று எழுதும் வரலாற்றாசிரியர், அந்த மனிதகுலத்தில் இவர்களும் உண்டு என்பதை அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

நிலவிலிருந்து வந்த மண் ஓர் இலங்கையரின் கைக்கும் போனது. காலியில் 1923இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பட்டம் பெற்று, பின்னர் வேதியியலுக்கு மாறியவர் சிறில் பொன்னம்பெரும. நாசாவின் எய்ம்ஸ் ஆய்வு நிலையத்தில் அவர் குழு அப்பல்லோ 11 கொண்டுவந்த தூசியில் உயிரின் மூலப்பொருள்களைத் தேடியது. கார்பன் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 157 பங்கு இருந்தது. அமினோ அமிலமோ சர்க்கரையோ கிடைக்கவில்லை. 1970 ஜனவரியில் முடிவு வெளியானது. இல்லை என்ற விடையையும் அதே கவனத்தோடு பதிவு செய்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி மறுபடியும் நேரத்துக்கு வருவோம். அப்பல்லோ 11 இறங்கியது வளர்பிறை அரைநிலவுக்கு ஏறத்தாழ 40 மணி நேரம் முன். சந்திரயான்-3 இறங்கியது 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு, அரைநிலவுக்கு ஒரு நாள்கூட முழுதாக இல்லை. இது தற்செயலன்று. இரண்டு இடமும் நம் கண்ணுக்குத் தெரியும் நிலவு முகத்தின் கிழக்குப் பாதியில் உள்ளவை. அங்கே பொழுது விடிவது வளர்பிறை அட்டமிக்குச் சில நாள் முன். தாழ்ந்த வெயிலில் நிழல் நீண்டு விழுந்தால்தான் மேடு பள்ளம் தெரியும் என்பது அப்பல்லோவின் தேவை. சூரிய மின்சாரத்தில் இயங்கும் சந்திரயான்-3இன் தரையிறங்கு கலம் விக்ரமுக்கோ, 14 நாள் நீளும் நிலவுப் பகல் முழுவதும் கிடைக்க வேண்டும். திதி பார்த்துத்தான் இரண்டும் இறங்கின என்றால் மிகையாகாது. 2023இன் அந்த மாலையில் நிலவு இலங்கை வானின் தெற்கில் உயரே நின்றது.

விக்ரம் இறங்கப் பழகியது தமிழ் மண்ணில். நிலவின் மேட்டுநிலம் அனார்த்தோசைட் என்ற வெண்ணிறப் பாறையால் ஆனது. அது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக, அந்தப் பாறையை உடைத்து அரைத்து நிலவு மண்ணாக்கிப் பரிசோதனைக் களத்தில் பரப்பினார்கள். நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் வந்தவர்களில் அந்த வட்டாரத்தாரும் உண்டு. சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேலும் விழுப்புரத்துக்காரர்.

விக்ரமிலிருந்து இறங்கிய பிரக்யான் ஊர்தி நிலவில் 23 இடங்களில் மண்ணை அளந்தது. இடையில் ஆகஸ்ட் 30 அன்று பௌர்ணமியான நிகினிப் போயா வந்தது. இலங்கைக்கு விடுமுறை, ஊர்திக்கு நடுப்பகல் தாண்டிய வேளை. அளவீடுகளின் முடிவு 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வெளியானது. இறங்கிய இடத்து மண்ணில் மிகுந்திருப்பது இரும்பு கலந்த அனார்த்தோசைட். தொடக்கத்தில் நிலவு முழுவதும் உருகிய பாறைக் குழம்பாக இருந்தது, அதில் இலேசான கனிமங்கள் மேலே மிதந்து உறைந்து மேட்டுநிலமாயின என்ற கருத்து, அப்பல்லோ 11 கொண்டுவந்த சில வெண்துணுக்குகளிலிருந்து பிறந்தது. தென் துருவப் பக்கத்திலிருந்து அதற்கு நேரடிச் சான்று கிடைத்தது இதுவே முதல் முறை.