காயும் கனியும்: பாலக்காடு – இடுக்கி எல்லைப்பகுதியில் வழங்கும் மருந்துக் கனிகளின் பெயர் வரலாறு

முன்னுரை

தமிழர் விருந்து மரபில் மா, பலா, வாழை ஆகிய மூன்றும் முக்கனி எனப் போற்றப்படுகின்றன. மருத்துவ மரபில் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகிய மூன்றும் திரிபலை எனப் பெயர் பெறுகின்றன. முன்னவை மூன்றும் கனி. பின்னவை மூன்றும் காய். ‘பலம்’ என்னும் வடசொல் காய்க்கும் கனிக்கும் பொதுவானது. பருவத்தைச் சுட்ட வேண்டுமாயின் அதற்கு அடைமொழி தேவைப்படும். தமிழோ பூ, பிஞ்சு, காய், கனி எனப் பருவந்தோறும் தனிச்சொல் கொண்டுள்ளது. இனிய சொல்லைக் கனிக்கும் இன்னாத சொல்லைக் காய்க்கும் ஒப்பிட்ட வள்ளுவர் கனியையே உயர்த்திக் கூறினார். மருந்துக்கடையில் இம்மதிப்பீடு தலைகீழாகின்றது. அங்குக் காயே முதன்மை பெறுகின்றது.

இவ்வேறுபாடு சொல்வழக்கின் தற்செயலான விளைவா, அன்றித் தாவர அறிவின் வெளிப்பாடா என்னும் வினாவை முன்வைத்து, கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்பகுதிகளில் வழங்கும் மருந்துக் கனிகளின் பெயர்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லையும் மருந்துச் சந்தையும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் அமைந்த பாலக்காட்டுக் கணவாய், கொங்கு நாட்டையும் மேலைக் கடற்கரையையும் இணைக்கும் தொன்மையான வழியாகும். இதன் தெற்கே ஆனைமலைத் தொடரும் ஏலமலைத் தொடரும் நீள்கின்றன. இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி, 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. இன்றைய இடுக்கிப் பகுதி திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. இடுக்கி தனி மாவட்டமாக 1972 ஜனவரி 26-இல் உருவானது. ஆட்சி எல்லைகள் மாறியபோதிலும் காடும் சந்தையும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்கி வந்துள்ளன. இடுக்கி மலைகளில் விளையும் ஏலம், மலையின் கீழ்ப்புறத்தில் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர்ச் சந்தையில் விலைபோவதும், எல்லையை ஒட்டிய கஞ்சிக்கோட்டில் ஆயுர்வேத மருந்து உற்பத்தி நடைபெறுவதும் இதற்குச் சான்றுகளாகும்.

காடுகளின் இயல்பும் இவ்வுறவை வலுப்படுத்துகின்றது. ஏலமும் குடம்புளியும் மழைமிகு காட்டுக்கு உரியவை. கடுக்காயும் நெல்லியும் தான்றியும் இலையுதிர் காட்டில் செழிப்பவை. மறையூரை அடுத்த சின்னாறு கேரளத்தில் இருப்பினும் மழைமறைவுப் பகுதியாதலால் அதன் வறண்ட காடு தமிழகத்துக் காட்டையே ஒத்துள்ளது. இவ்விருவகைக் காடுகளிலும் வாழும் முதுவர், மலைப்புலையர், மன்னான், இருளர் முதலிய குடிகளின் பேச்சு தமிழோடு நெருங்கிய உறவுடையது. முதுவரும் மன்னான்களும் தம் முன்னோர் மதுரையிலிருந்து இடம்பெயர்ந்தோர் என வாய்மொழி மரபு கொண்டுள்ளனர். ஆதலின் இப்பகுதியின் மருந்துப் பெயர்கள் தமிழாய்வுக்கும் உரிய பொருளாகின்றன.

பருவம் காட்டும் சொற்கள்

மருந்துக் கனிகளின் பெயர்களில் பருவமும் உறுப்பும் எவ்வாறு பதிந்துள்ளன என்பதைச் சில சான்றுகளால் விளக்கலாம்.

கடுக்காய் மரம் தாவரவியலில் டெர்மினாலியா செபுலா எனப்படும். இதன் கனி ஒற்றைக் கொட்டையுடைய சதைக்கனி வகையினது. செபுலினிக் அமிலம், செபுலாஜிக் அமிலம் முதலிய துவர்ப்பொருள்கள் அதன் சதைப்பகுதியில் மிகுந்துள்ளன. சித்த மருத்துவம் இதன் கொட்டையை நீக்கித் தோலையே கொள்ளும். சுக்குக்குப் புறத்தோலும் கடுக்காய்க்கு உட்கொட்டையும் நஞ்சு என்பது மருத்துவர் வழக்கு. மருந்துக்கடைகளில் கடுக்காய், கடுக்காய்த் தோல், கடுக்காய்ப் பிஞ்சு ஆகியன வெவ்வேறு சரக்குகளாகவே விற்கப்படுகின்றன. கொட்டை வலுப்பெறுமுன் உலர்ந்த பிஞ்சு மலமிளக்கியாகச் சிறப்பிக்கப்படுகின்றது. முதிர்ந்த காயில் துவர்ப்பு மேலோங்குகின்றது.

ஏலத்தில் இப்பருவ அறிவு மேலும் நுட்பமானது. ஏலக்காய் உலர்ந்து வெடிக்கும் உறையுடைய கனியாகும். முழுதும் பழுத்தால் உறை மஞ்சளாகிப் பிளந்து விதை சிதறும்; முற்றாமல் பறித்தால் மணம் குன்றும். எனவே உறை பச்சையாகவும் உள்விதை கறுத்தும் இருக்கும் பருவத்தில் பறிப்பர். ஏலமலைத் தோட்டங்களில் அப்பருவம் ‘கருங்காய்’ எனப்படும். வெளித்தோற்றம் பச்சையாக இருக்க, உள்ளிருக்கும் விதையின் நிறத்தால் பருவத்திற்குப் பெயரிட்டிருப்பது உற்றுநோக்கலின் விளைவு எனலாம். மணத்திற்குக் காரணமான சினியோல், டெர்பினைல் அசிட்டேட் ஆகிய எண்ணெய்ப் பொருள்கள் அவ்விதையில்தான் செறிந்துள்ளன.

மிளகும் இவ்வாறே. கதிரில் ஓரிரு மணிகள் சிவக்கத் தொடங்கியதும் முழுக் கதிரையும் பறித்து உலர்த்தினால் கருமிளகு கிடைக்கும். பழுத்த மணியை ஊறவைத்துத் தோல் நீக்கினால் வெண்மிளகு கிடைக்கும். கொடி ஒன்றாயினும் பருவத்தால் சரக்கு இரண்டாகின்றது.

இவை யாவற்றினும் தெளிவான சான்று வில்வம். முற்றாத அல்லது அரைப்பழமான வில்வக்காயை வகிர்ந்து உலர்த்தி வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பர். நன்கு பழுத்த கனியின் சதையோ மலத்தை இளக்கும் தன்மையது. ஒரே மரத்தின் ஒரே உறுப்பு, பருவ மாற்றத்தால் எதிரெதிரான பயன் தருகின்றது. ‘வில்வம்’ என்றோ ‘ஈகிள் மார்மெலோஸ்’ என்றோ மட்டும் எழுதினால் எதைக் கொடுப்பது என்பது விளங்காது. காய், கனி என்னும் சொல்லே அங்கு மருந்தைத் தீர்மானிக்கின்றது.

காய் என்பதன் பொருள்

‘காய்’ என்பதற்குப் பழுக்காதது என்று மட்டும் பொருள் கொள்வது பொருந்தாது. கடுக்காயும் தான்றிக்காயும் மரத்திலேயே முழுதும் முதிர்ந்த பின்னரும் காய் என்றே வழங்குகின்றன. நெல்லியும் முதிர்ந்த பின் நெல்லிக்காய் என்றே பெரிதும் வழங்கப்படுகின்றது. சதை குழைந்து இனிப்பேறாமல், துவர்ப்பு, புளிப்பு, கார்ப்பு ஆகிய சுவைகளுள் ஒன்றில் நிலைத்திருப்பதே இங்குக் காய்த்தன்மை எனப்படுகின்றது. ஆகவே மருத்துவ வழக்கில் காய் என்பது வளர்ச்சிப் பருவத்தோடு சுவையையும் சுட்டும் சொல்லாகும். சுவைவழிக் குணம் அறியும் சித்த மருத்துவக் கோட்பாட்டிற்கு இது முற்றிலும் இயைந்தது. கனிந்த பொருளும் மருந்தாதல் உண்டு. சரக்கொன்றையின் பழுத்த காயிலுள்ள சதை மலமிளக்கியாகப் பயன்படுகின்றது. ஆயினும் அதனைக் கொன்றைப்பழம் என்னாது சரக்கொன்றைப்புளி எனச் சுவையாலேயே பெயரிட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ் யாப்பியலும் இவ்விணையைக் கையாண்டுள்ளது. மூவசைச் சீர்களுள் நேரசையால் முடிவன காய்ச்சீர் எனவும் நிரையசையால் முடிவன கனிச்சீர் எனவும் வழங்கப்படுகின்றன. தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்னும் ஈரசை வாய்பாடுகளும் தாவரப் பெயர்களே. தொல்காப்பிய மரபியலும் தாவர உறுப்புகளுக்குரிய மரபுச்சொற்களுள் காய், பழம், தோல் ஆகியவற்றை எண்ணுகின்றது. பருவப் பாகுபாடு தமிழ்ச் சிந்தனையில் ஆழப் பதிந்திருந்தமையை இவை உணர்த்துகின்றன.

மலபார் தாவர நூலில் பெயர்கள்

இப்பெயர்களின் வரலாற்றுக்கு மிகச் சிறந்த ஆவணம் ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ ஆகும். கொச்சியின் டச்சு ஆளுநர் ஹென்றிக் வான் ரீட் தொகுத்த இந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஏறத்தாழ 740 தாவரங்கள் இதில் விளக்கப்பட்டுள்ளன. இதற்கு முதன்மையாகத் தகவல் அளித்தவர் ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூவரும் துணைநின்றனர். 1675-இல் இட்டி அச்சுதன் அளித்த சான்றுரை, வட்டெழுத்தின் வழிவந்த கோலெழுத்தில் அமைந்தது. இலத்தீனில் இருந்த இந்நூலைக் கே.எஸ். மணிலால் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் அதனை வெளியிட்டது.

இந்நூலில் தான்றி ‘தானி’ எனவும், நெல்லி ‘நிலிக்காமரம்’ எனவும், குடம்புளி ‘கொட்டம்புள்ளி’ எனவும் பதிவாகியுள்ளன. நிலிக்காமரம் என்பது நெல்லிக்காமரமே. மரத்தின் பெயரிலேயே காய் இடம்பெற்றுள்ளது. இன்றைய மலையாளத்தில் நெல்லிக்க, கடுக்க, தான்னிக்க, ஏலக்க, சாதிக்க என வரும் சொற்களின் ஈறும் ‘காய்’ என்பதன் திரிபேயாகும். மாங்காய் மலையாளத்தில் மாங்ஙவாகி, போர்ச்சுக்கீசியர் வழியே ஐரோப்பிய மொழிகளில் பழத்தின் பெயராயிற்று. உலகம் கனியை உண்டு காயின் பெயரால் அழைக்கின்றது.

வில்வம் இந்நூலில் ‘கோவளம்’ எனப் பதிவாகியுள்ளது. இது இன்றைய மலையாளத்தின் கூவளம். குறிஞ்சிப்பாட்டு எண்ணும் மலர்களுள் ஒன்றாகிய கூவிளம். தமிழ்ப் பேச்சுவழக்கில் வில்வத்துக்கு இடம்கொடுத்து யாப்பு வாய்பாட்டளவில் ஒதுங்கிய சொல், கணவாய்க்கு அப்பால் மருத்துவர் நாவில் உயிருடன் இருந்தது. இந்நூலின் ‘எலத்தாரி’ என்னும் பெயரும் கருதத்தக்கது. அது ஏலத்தின் உள்மணியைக் குறிக்கும் சொல்லாகும். 1811-இல் ஏலத்தின் பேரினத்துக்கு எலட்டேரியா எனப் பெயரிட்டபோது அச்சொல்லே அறிவியல் பெயராயிற்று.

பெயர் மயக்கங்கள்

நாட்டார் பெயர்கள் எப்போதும் பிழையற்றவை எனக் கொள்ளுதல் ஆய்வுக்கு ஏற்புடையதன்று. கடுக்காய்ப்பூ என்னும் சரக்கு பூவன்று. கடுக்காய் மர இலைகளில் பூச்சியால் தோன்றும் புடைப்பு. மாசிக்காயும் காயன்று, மேற்காசிய ஓக் மரக்கிளையில் குளவியினத்தால் உண்டாகும் புடைப்பு. இரண்டும் துவர்ப்பு மிக்கவை. உருவமும் சுவையுமே இப்பெயர்களுக்குக் காரணமாயின.

வாய்விளங்கத்தில் மயக்கம் வேறுவகையது. குடற்புழுவுக்குரிய இம்மருந்துக்கு எம்பீலியா ரைப்ஸ் என்னும் கொடியின் கனியே நூல்வழி ஏற்கப்பட்டது. சந்தையிலோ எம்பீலியா சிஜெரியம்-காட்டம் என்னும் வேற்றினத்தின் கனியும் அப்பெயரிலேயே வருகின்றது. குடம்புளியும் கொடுக்காய்ப்புளியும் ஒலியால் நெருங்கியவை, தாவரத்தால் தொடர்பற்றவை. முன்னது மலைநாட்டுக் கார்சீனியா இனம். பின்னது நடு அமெரிக்காவிலிருந்து வந்த அவரைக் குடும்ப மரம்.

குடம்புளியின் அண்மை வரலாறு மற்றொரு பாடத்தைத் தருகின்றது. அதன் முதன்மை அமிலம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என 1965-இல் லூயிஸ், நீலகண்டன் ஆகியோர் நிறுவினர். மீன்குழம்பிலும் கஷாயத்திலும் அளவோடு பயன்பட்ட பழத்தோல், பின்னர் உடல் எடை குறைக்கும் மாத்திரையாக உலகச் சந்தையில் விற்கப்பட்டது. 1998-இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியான ஆய்வு, போலிமாத்திரையினும் இது குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை எனக் காட்டியது. இத்தகைய மாத்திரைகளை உட்கொண்டோருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததாகவும் மருத்துவப் பதிவுகள் உள்ளன. பெயரும் வேதிப்பொருளும் மட்டும் பயணம் செய்து, அளவும் பக்குவமும் பின்தங்கியதன் விளைவு இது.

அறிவுக்கு உரியவர்

பெயரை அறிந்தவர்க்கு அவ்வறிவின் பயன் சென்றதா என்பதும் வரலாற்று வினாவே. இதற்கு இவ்வெல்லைக்குத் தெற்கே, அதே மலைத்தொடரின் அகத்தியமலைப் பகுதியிலிருந்து ஒரு சான்று கிடைக்கின்றது. 1987-இல் அங்குச் சென்ற அறிவியலாளர் குழு, உடன்வந்த காணிக்காரர் ஒரு சிறுசெடியின் கனியை மென்று களைப்பின்றி நடப்பதைக் கண்டது. ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியைக் கொண்டு பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-இல் அதன் உற்பத்தி உரிமம் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டது. உரிமத்தொகை 10 லட்சம் ரூபாயிலும் 2 விழுக்காட்டு உரிமைப் பங்கிலும் பாதி காணிக்காரர்க்கு என முடிவாயிற்று. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் வருமுன்னரே நிகழ்ந்த பகிர்வு இது. பழங்குடியினர் கூறும் பெயரும் பருவமும் எழுத்தில் பதிவாகாதவிடத்து, இத்தகைய உரிமையை நிறுவுவது அரிது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. மருந்துக் கனிகளின் தமிழ்ப்பெயர்கள் பருவம், உறுப்பு, சுவை ஆகிய மூன்றையும் தம்முள் கொண்டவை. இலத்தீன் பெயர் இனத்தை உறுதிப்படுத்தும், பருவத்தைக் கூறாது. நாட்டார் பெயர் பருவத்தைக் கூறும், இனத்தை உறுதிப்படுத்தாது. எனவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. மலையாள வழக்கிலும் ‘காய்’ என்பதன் சுவடு நிலைத்திருத்தலால் இவ்வறிவு இருமொழிக்கும் பொதுவான செல்வமாகும்.

இன்று மருந்து உற்பத்தி பெருந்தொழிலாக வளர்ந்துள்ள நிலையில், கொள்முதல் பட்டியலில் ஒரு கனிக்கு ஒரு பெயரே இடம்பெறின், பிஞ்சுக்கும் காய்க்கும் கனிக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும். வில்வத்தைப் பொறுத்தவரை அது சொல்லின் இழப்பன்று, மருந்தின் இழப்பு. முதுவர், மன்னான், மலைப்புலையர், இருளர் ஆகியோரின் வழக்குச்சொற்களைப் பருவக் குறிப்போடும் தாவரவியல் பெயரோடும் தொகுத்து ஓர் எல்லைப்புற மருந்துச் சொல்லகராதி உருவாக்குதல் வேண்டும். அப்பணி தமிழ்த்துறையும் தாவரவியல் துறையும் அம்மக்களும் இணைந்து ஆற்றத்தக்கதாகும்.