தோட்டத் திடலும் பேரரங்கும்: நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரின் இசைக்கேட்பு வரலாறு

முன்னுரை

மலேசியத் தமிழரின் கலை வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கலைஞரையோ கலை வடிவத்தையோ மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. கேட்டவர் எங்கிருந்து கேட்டார், பாடியவருக்கும் அவருக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருந்தது, அத்தொலைவு எத்தகைய உறவை உருவாக்கியது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களில் வாழ்ந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் தமக்கு விருப்பமான இசைக்குழுவைத் தோட்டத் திடலில் கேட்ட முறைமையையும், பிற்காலத்தில் கோலாலம்பூரின் பேரரங்குகளில் கேட்ட முறைமையையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகின்றது. சிறிய இடம் உயர்ந்தது, பெரிய இடம் தாழ்ந்தது என்னும் முடிவோடு இவ்வாய்வு தொடங்கவில்லை. அவ்வாறு எண்ணுவது பழமையின்மீது கொண்ட பற்றாக அமையுமேயன்றி வரலாறாகாது.

தோட்டம் என்னும் களம்

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891ஆம் ஆண்டு இரயில் பாதை திறக்கப்பட்டது. அப்பாதையை ஒட்டிய சிலியாவ் முதலான பகுதிகளிலும், ரந்தாவ் வட்டாரத்து லின்சம், கொம்போக் தோட்டங்களிலும், லாபு, நீலாய், பகாவ் ஆகிய இடங்களைச் சூழ்ந்த இரப்பர்க் காடுகளிலும் தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றது. அதன்பின் கங்காணி முறை மேலோங்கியது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. கங்காணி தம் ஊரிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் உறவு முறையாரையே பெரும்பாலும் திரட்டி வந்தமையால், ஊரின் தெய்வமும் அத்தெய்வத்திற்குரிய மேளமும் அவர்களோடு கப்பலேறின. லயத்து வீடுகள், ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, பெரட்டுக் களம், மாரியம்மன் கோயில் ஆகியவை சுருங்கிய எல்லைக்குள் அமைந்த குடியிருப்பே தோட்டமாகும். அங்கு வாழ்ந்தோர் சில நூறு பேரே ஆவர்.

இந்தச் சில நூறு பேருக்குரிய இசையரங்கு கோயிலுக்கு முன்னிருந்த வெற்றிடமாகும். ஆண்டுத் திருவிழாவின்போது அங்கே உருமி மேளம் முழங்கியது, கரகம் ஆடப்பட்டது, இரவில் கூத்தோ நாடகமோ நடைபெற்றது. உருமி இருமுகத் தோற்கருவி. ஒரு முகம் குச்சியால் அடிக்கப்படும். மறுமுகம் வளைந்த குச்சியால் தேய்க்கப்படும். அத்தேய்ப்பில் எழும் உறுமலே அதற்குப் பெயராயிற்று. இக்கருவியும் தப்பும் பம்பையும் நாயனமும் திறந்தவெளிக்கெனவே அமைந்தவை. ஒலிபெருக்கியின் துணையின்றியே லயத்தின் கடைசி வீடுவரை அவை எட்டின. சிறிய அரங்கு என்றால் மெல்லிய இசை என்னும் எண்ணம் இங்கே பொருந்தாது. இடம் சிறியதாயினும் முழக்கம் பெரிது.

உருமியை அடித்தவர் யார் என்பதையும் கருதுதல் வேண்டும். அவர் காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டச் சென்றவர். திருவிழா இரவில் அருள் வரவழைத்த அதே மனிதர் மறுநாள் பெரட்டில் தம் பெயர் கூப்பிடப்படும்போது அருகில் நின்றார். இரசிகரும் கலைஞரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த உறவே தோட்ட இசையின் அடிப்படை எனலாம்.

இன்னிசைக் குழுக்களின் வருகை

வானொலியில் தமிழ் ஒலிபரப்பு 1946இல் தொடங்கிய பின்னர்த் திரைப்படப் பாடல் தோட்டத்து அன்றாட வாழ்வில் இடம்பெற்றது. தகவல் இலாகாவின் படவண்டிகளும் திடலில் திரை கட்டிப் படம் காட்டின. கோ. சாரங்கபாணி 1952இல் தொடங்கிவைத்த தமிழர் திருநாள் இயக்கம் பாட்டு, பேச்சு, நாடகப் போட்டிகளுக்கு ஊக்கமளித்தது. இச்சூழலில் மின்கிதார், அக்கார்டியன், பொங்கோஸ், பின்னர் ஆர்கன் முதலிய கருவிகளைக் கொண்ட இன்னிசைக் குழுக்கள் தோன்றித் தோட்டத் திருவிழாக்களுக்கு அழைக்கப்பட்டன.

இக்குழுக்கள் பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்தைச் சேர்ந்தவையே. ஆசிரியர், கிராணி, இரயில்வே ஊழியர், தோட்டத் தொழிலாளர் எனப் பலரும் அவற்றில் பங்கேற்றனர். டி.எம். சௌந்தரராஜன் போலப் பாடக்கூடியவர், பி. சுசீலா போலப் பாடக்கூடியவர், எல்.ஆர். ஈஸ்வரி போலப் பாடக்கூடியவர் என்பதே பாடகருக்குரிய தகுதியாயிற்று. ‘போல’ என்னும் இச்சொல் கவனத்திற்குரியது. மூலக் குரல் சென்னையில் இருந்தது. தோட்டத்து மக்கள் கேட்டது அதன் நகலேயாகும். எனினும் அந்நகல் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. துண்டுத்தாளில் பாடலின் பெயரை எழுதிச் சிறுவன் கையில் கொடுத்தனுப்பினால் அப்பாடல் பாடப்பட்டது. பாடகரின் சட்டையில் வெள்ளித் தாளைக் குத்தி அதே பாடலை மீண்டும் பாடச் செய்வதும் உண்டு. நிகழ்ச்சி எப்பொழுது முடிய வேண்டும் என்பதை முடிவு செய்தது கூட்டமே.

இவற்றுக்கான செலவு திருவிழாக் குழுவின் வசூலிலிருந்து வந்தது. நுழைவுச்சீட்டு என்று ஒன்றில்லை. கொடுத்தவரும் கொடாதவரும் ஒரே திடலில் அமர்ந்தனர்.

ஆயினும் எல்லாரும் ஒருபடித்தாக அமர்ந்தனர் என்று கொள்வதற்கில்லை. முன்வரிசை நாற்காலிகள் துரைக்கும் கிராணிமார்க்கும் உரியவை. மண்டோர் அதற்கடுத்து அமர்ந்தார். தொழிலாளர் பாய்விரித்துத் தரையில் அமர, பெண்கள் ஒருபுறமாகவோ பின்புறமாகவோ இருந்தனர். தப்படிப்பவர் யார், கோயில் முதல் மரியாதை யாருக்கு என்பவற்றில் சாதி வேறுபாடு வெளிப்படையாகவே செயற்பட்டது. கள் வயிற்றில் இறங்கிய பின்னர் எழுந்த பூசல்களும் சில திருவிழாக்களைப் பாதியில் நிறுத்தின. திடலைப் பயன்படுத்த நிருவாகத்தின் அனுமதி வேண்டும். தோட்டத்துச் சிற்றரங்கைச் சமத்துவத்தின் பொற்காலமாகச் சித்திரிக்கும் நினைவுக் கட்டுரைகள் அண்மைக் காலத்தில் பெருகிவிட்டன. அவற்றை எழுதியோர் பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்தோரின் பிள்ளைகளோ என ஐயுற வேண்டியுள்ளது.

பேரரங்கை நோக்கி

கோலாலம்பூரில் மெர்டேக்கா அரங்கம் 1957இலும், கூரையுடைய நெகாரா அரங்கம் 1962இலும் திறக்கப்பட்டன. தமிழகத்துக் கலைஞர் வருகை பெருகிய காலத்தில் தோட்டத்து மக்களுக்கு இவ்வரங்குகள் எளிதில் எட்டக்கூடியவையாக இல்லை. பேருந்துக் கட்டணம், நுழைவுச்சீட்டு, மறுநாள் வேலை இழப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து நாட்கூலியாளரைத் தடுத்தன. பால் வெட்டுவதற்கு விடியற்காலக் குளிர் இன்றியமையாதது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். நள்ளிரவில் கோலாலம்பூரிலிருந்து திரும்பி நான்கு மணிக்கு எழுவது எளிதன்று.

1990களில் இந்நிலை மாறியது. 1995இல் தொடங்கிய கொமுட்டர் இரயில் சிரம்பானைத் தலைநகருடன் இணைத்தது. 1998இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கென புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம் திறக்கப்பட்டது. அது 80,000க்கும் மேற்பட்டோர் அமரக்கூடியது. அதே ஆண்டில் இலகு இரயில் நிலையமும் அங்கு அமைந்தது. லாபுவிலோ நீலாயிலோ ஏறியவர் பண்டார் தாசேக் செலாத்தானில் மாறி அரங்க வாயிலிலேயே இறங்கலாம். ஆனால் அதே பத்தாண்டில் அந்த லாபுவும் நீலாயும் மாறிக்கொண்டிருந்தன. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் துண்டாடப்பட்டன. பேரரங்கிற்குச் செல்லும் வழி திறந்த காலமும் திடல் மறைந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. இவ்விரண்டும் தனித்தனி நிகழ்வுகள் அல்ல. தலைநகரின் பெருக்கம் என்னும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளாகவே அவற்றைக் கருதுதல் வேண்டும்.

அருகிலிருந்த நகலும் தொலைவிலிருந்த மூலமும்

2023ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஏ.ஆர். ரகுமான் புக்கிட் ஜாலிலில் நிகழ்த்திய இசைநிகழ்ச்சிக்குப் பல்லாயிரவர் திரண்டனர். வானொலிப் பெட்டியில் மட்டுமே சென்னைக் குரலைக் கேட்ட ஒரு தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அக்குரலுக்குரியவரை நேரில் கண்டனர். இதனைச் சிறுமைப்படுத்துதல் தகாது. நகலோடு மனநிறைவு கொள்ளுமாறு பணிக்கப்பட்ட ஒரு சமூகம் மூலத்தின்முன் வந்து நின்றமை வரலாற்று முக்கியத்துவம் உடையது.

ஆனால் மூலம் எத்தொலைவில் நின்றது? ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் அமர்ந்தவருக்குப் பாடகரின் குரல் மேடையிலிருந்தே வருமாயின், அவர் வாயசைத்து ஏறத்தாழ 0.3 நொடி கழிந்த பின்னரே எட்டும். இதனைச் சரிசெய்ய இடையிடையே ஒலிபெருக்கிக் கோபுரங்கள் நிறுவப்பட்டுக் கணினியால் நேரம் ஒழுங்குபடுத்தப்படுகின்றது. முகத்தைக் காண மாபெரும் திரை வைக்கப்படுகின்றது. பின்வரிசையினர் நிகழ்ச்சி முழுவதும் காண்பது அத்திரையையே. திடலில் நகலை நேரில் கண்டவர் அரங்கில் மூலத்தை நகலாகக் காண்கின்றார்.

இச்சிக்கல் தமிழருக்கு மட்டும் உரியதன்று. லிவர்பூல் நகரின் கேவர்ன் என்னும் நிலவறை விடுதியில் நூற்றுக்கணக்கான முறை இசைத்த பீட்டில்சு குழுவினர், 1965இல் நியூயார்க்கின் ஷே அரங்கத்தில் 55,000க்கும் மேற்பட்டோர்முன் இசைத்தபோது கூச்சலில் தம் இசையையே தாம் கேட்க இயலாத நிலைக்குள்ளாயினர். மறு ஆண்டே அவர்கள் இசைப்பயணங்களை நிறுத்திக்கொண்டனர். அக்காலத்து ஒலிக்கருவிகளின் குறைபாடு அதற்கு ஒரு காரணம். இன்று அக்குறை நீங்கியுள்ளது. எனினும் துண்டுத்தாள் கொடுத்தனுப்பும் வழி பேரரங்கில் இல்லை. பாடல் வரிசை முன்னரே கணினியில் பதிந்துவிடுகின்றது. கேட்பவர் அதனை மாற்ற இயலாது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. திடலில் தகுதியும் சாதியும் இருக்கையை வகுத்தன. அரங்கில் பணம் வகுக்கின்றது. துரையின் நாற்காலியில் இன்று வெட்டுத் தொழிலாளியின் மகள் சீட்டு வாங்கி அமரலாம். அவளுடைய தந்தைக்கு இது எட்டாதிருந்தது.

உருமியின் இரண்டாம் பயணம்

தோட்டத்து உருமி மேளம் அழியவில்லை, இடம்பெயர்ந்தது. தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் இளைஞர்கள் வீடமைப்புப் பகுதிகளில் உருமிக் குழுக்களை அமைத்தனர். சீருடையும் பெயர்ப்பதாகையும் கொண்டு பத்துமலைத் தைப்பூசத்தில் காவடிகளுக்கு முன்னால் அவர்கள் அடிக்கின்றனர். இலட்சக்கணக்கானோர் கூடும் அவ்விழா இடப்பரப்பில் எந்த அரங்கையும் விடப் பெரியது. ஆயினும் ஒவ்வொரு குழுவும் ஒரு காவடியைச் சுற்றிச் சிறுவட்டம் அமைத்து, அவ்வட்டத்திற்குள் ஒரு தோட்டத் திடலையே உருவாக்கிக்கொள்கின்றது. சிங்கப்பூரில் 1973இல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை விதிக்கப்பட்டு, 2016இல் மூன்று இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு இடமளிக்கப்பட்டதை ஒப்புநோக்கினால், மலேசியாவில் இவ்வட்டத்தின் வலிமை புலனாகும்.

புதிய இசையும் இத்தொடர்ச்சிக்குப் புறம்பானதன்று. யோகி பி - நட்சத்திரா குழுவினர் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு மலேசியத் தமிழ்க் குரலைத் தமிழகத் திரையிசைக்குள் கொண்டு சேர்த்தது. அதுகாறும் சென்னைக் குரலைப் போலப் பாடியோரின் நாட்டிலிருந்து சென்னை கேட்கும் குரலொன்று எழுந்தது.

சான்றுகள் குறித்து

பேரரங்கு தன் வரலாற்றைத் தானே பதிவு செய்கின்றது. சுவரொட்டி, நுழைவுச்சீட்டு, உரிமம், காணொலி ஆகியவை எஞ்சுகின்றன. திடலுக்கு அவ்வாய்ப்பு இல்லை. நுழைவுச்சீட்டு இல்லாத நிகழ்ச்சிக்கு விற்பனைக் கணக்கு ஏது? எஞ்சியிருப்பவை திருவிழா அழைப்பிதழ்கள், கோயில் வரவுசெலவுக் குறிப்பேடுகள், மங்கிய நிழற்படங்கள், நாளேடுகளின் தோட்டச் செய்திகள் ஆகியவையே. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. கோயில் இடமாற்றத்தின்போது மூலவரின் சிலை உரிய சடங்குகளோடு எடுத்துச் செல்லப்படுகின்றது. அலமாரியிலுள்ள குறிப்பேடுகளுக்கு அத்தகைய சடங்கு எதுவும் இல்லை. இன்னிசைக் குழுவுக்கு அந்த ஆண்டு எவ்வளவு கொடுக்கப்பட்டது, விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் என்ன வாடகை, யார் எவ்வளவு நன்கொடை அளித்தார் என்பன அவற்றில் ஆண்டுவாரியாக எழுதப்பட்டுள்ளன.

செம்பனைக்கிடையே இன்றும் நிற்கும் கோயில்களுக்குத் திருவிழா நாளில் முன்னாள் தோட்டத்து மக்கள் மகிழுந்துகளில் வந்து சேர்கின்றனர். லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. உருமிக் குழு இப்போது சிரம்பானிலிருந்து வாடகை வேனில் வருகின்றது. மேளம் அடிப்போரில் பலர் அத்தோட்டத்தை அன்றுதான் முதன்முதலாகக் காண்கின்றனர்.